தலைக்கு இவ்வளவு: கைதிகளைக் கைமாற்றிய கதை

திருநகரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் ஒரு கேள்வி வந்தது. சட்டக் கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருத்தி அமெரிக்கச் சிறைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை எடுத்து வந்திருந்தாள். அங்கே லூசியானா மாநிலத்தில், மாநில அரசு தண்டித்த கைதிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் மாநிலச் சிறைகளில் இல்லை. உள்ளூர் ஷெரிஃப்கள் நடத்தும் சிறைகளில் இருக்கிறார்கள். ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர் என்று கணக்குப் போட்டு மாநில அரசு பணம் கொடுக்கிறது. கைதி குறைந்தால் உள்ளூர் நிர்வாகத்துக்கு வருமானம் குறையும். ஆகவே சிறையை நிரப்பி வைப்பதில் அவர்களுக்கு ஆதாயம் இருக்கிறது. நகரமும் வட்டாரமும் இப்படி ஒப்பந்தத்தில் சிறை நடத்துவது அந்த நாட்டில் சாதாரணம்.

"நம்ம மாநகராட்சி ஜெயில் நடத்தினா எப்படி இருக்கும்?" என்று ஒருத்தர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஒரு தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். "குப்பை அள்ளுறதே காண்ட்ராக்டுக்குப் போயிருச்சு. ஜெயில் போனா என்ன ஆச்சரியம்?" என்றான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் எழுதியதுதான் இது.

சட்டப்படியான பதில் சின்னது. நம் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 4ஆம் இனம்தான் சிறைகள். மாநகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் அதில் இடமில்லை. ஆனால் அந்த இனத்தைக் கடைசி வரை படியுங்கள். சிறைகளைப் பயன்படுத்திக்கொள்ளப் பிற மாநிலங்களுடன் செய்துகொள்ளும் ஏற்பாடுகளும் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு அரசின் கைதியை இன்னொரு அரசின் சிறை வைத்துக்கொள்ளலாம் என்பது அரசமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தில்லியின் திகார் சிறை 1958இல் தொடங்கியபோது அதை நடத்தியது பஞ்சாப். 1966இல்தான் அது தில்லி நிர்வாகத்துக்குக் கைமாறியது.

ஆக, கைதியைக் கைமாற்றும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அது பெரிய தொழிலாகவே நடந்தது. சென்னை மாகாணத்துக் கைதிகளைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேற்றினார்கள். சிங்கப்பூரில் இன்றும் வெள்ளை வெளேரென்று நிற்கும் புனித ஆந்திரேயா பேராலயம் 1856க்கும் 1861க்கும் இடையில் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. சுற்றுலா போகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தச் சுவரைப் பூசியவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்கிறவர் யாருமில்லை.

எதிர்த் திசையிலும் ஆட்கள் வந்தார்கள். மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் தண்டிக்கப்பட்ட சீனர்களை, அங்குள்ள சிறைகளில் இடம் போதாமல், சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை நீலகிரிக்கு ஏற்றி, நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்து அந்த மரப்பட்டையிலிருந்து வருவது. வெள்ளைச் சிப்பாய் காய்ச்சலில் சாகாமல் இருக்க, சீனக் கைதியும் தமிழ்க் கைதியும் குளிரில் குழி வெட்டினார்கள். விடுதலைக்குப் பிறகு ஊர் திரும்ப வழியில்லாத சில சீனர்கள் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே குடியேறி, நம் சமூகப் பெண்களை மணந்து வாழ்ந்தார்கள். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைத் தேடிப் போய் மூக்கையும் மண்டையையும் அளந்து, 'சீன-தமிழ்ப் பறையர் கலப்பு' என்று குறித்து வைத்தார். நாடு கடத்தப்பட்டவனும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவளும் சேர்ந்து நடத்திய குடும்பத்தை, அரசு அளவுகோலோடுதான் போய்ப் பார்த்தது. அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை எப்படிப் போனது என்று எழுதி வைக்க அதற்குத் தோன்றவில்லை.

இதுவரை சொன்னது நீதிமன்றம் தண்டித்த ஆட்களின் கதை. ஒப்பந்தச் சிறைக்கு நம் மண்ணில் சரியான உதாரணம் வேறு. எந்த நீதிமன்றமும் தண்டிக்காத மக்களை அடைத்த 'செட்டில்மென்ட்'டுகள்தான் அது.

1871இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911இல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் விரித்தார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். ஒரு சாதியை, ஒரு கூட்டத்தை, ஒரு ஊரையே குற்றவாளி என்று அரசிதழில் அறிவித்துவிடலாம். அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. பதிவு செய்யப்பட்டவர்களை அரசு தான் நினைத்த இடத்தில் குடியமர்த்தலாம். 6 வயதுக்கு மேல் 18 வயதுக்குள் உள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு இடத்தில் வைக்கலாம். பிள்ளையைப் பிரிக்கும் அந்தப் பிரிவை வட்டத்தில் வாசித்தபோது யாரும் பேசவில்லை.

இந்தக் குடியிருப்புகளை நடத்த அரசுக்குக் கை போதவில்லை. மதநிறுவனங்களைக் கூப்பிட்டது. முன்னால் வந்தது இரட்சணிய சேனை. அதன் இந்தியத் தலைவர் ஃபிரடெரிக் பூத் டக்கர் ஐ.சி.எஸ். வேலையை விட்டுவிட்டு அதில் சேர்ந்தவர். குற்றவாளியைக் 'குணப்படுத்துவது' ஒரு விஞ்ஞானம் என்று அதற்குத் தனிப் பெயரே கண்டுபிடித்தார். அரசு நிலம் கொடுத்தது, மானியம் கொடுத்தது, வெளியே போகாமல் பிடிக்கப் போலீசும் கொடுத்தது. இன்றைய ஆந்திரத்தின் சீராலாவுக்குப் பக்கத்தில் எருகுலர் மக்களை வைத்து ஸ்டூவர்ட்புரம் உருவானது இப்படித்தான். விவசாயக் குடியிருப்பு என்று பெயர். கொடுத்த நிலத்தில் வயிறு நிறையாது. ஆகவே அங்கிருந்த பெண்கள் சீராலாவின் இலைப் புகையிலைக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள். வேலையை விட்டு நிற்க முடியாது, கூலி கேட்டு முரண்ட முடியாது, ஊரை விட்டு ஓட முடியாது. எந்த முதலாளிக்குக் கசக்கும் இப்படி ஒரு தொழிலாளி? வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா இதையெல்லாம் ஆவணங்களிலிருந்து தோண்டி எழுதியிருக்கிறார். சமூகவியல் படிக்கிறவர்கள் அவர் புத்தகத்தைத் தேடிப் படியுங்கள். எங்கள் எம்.ஏ. பாடத்திட்டத்தில் அது இருக்கவில்லை.

குற்றப் பரம்பரை என்றதும் அது வேறு யாருடைய கதையோ என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். தென்னார்க்காட்டில் வேப்பூர்ப் பறையர்கள் இந்தச் சட்டத்தில் அறிவிக்கப்பட்டவர்கள். அவர்களை அடைத்து வைத்த குடியிருப்புக்கு அஜீஸ் நகர் என்று பெயர். வேப்பூர்ப் பறையர்கள் ஊருக்குள் தீண்டாமையையும் அரசிதழில் குற்றப் பட்டத்தையும் ஒருசேரச் சுமந்தார்கள். 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலின் முன்னுரையில் அண்ணல் அம்பேத்கர் இந்து நாகரிகத்தின் விளைவாக மூன்று கூட்டத்தாரைக் குறிப்பிடுகிறார்: குற்றப் பழங்குடியினர் சுமார் 2 கோடி, ஆதிப் பழங்குடியினர் சுமார் 1.5 கோடி, தீண்டப்படாதார் சுமார் 5 கோடி. மூவரையும் ஒரே வரிசையில் வைத்து, இப்படி மனிதர்களை உருவாக்கிய ஒன்றை நாகரிகம் என்று அழைக்கலாமா என்று அவர் கேட்டார். வேப்பூர்க்காரர்கள் அந்த வரிசையில் இரண்டு இடங்களில் நிற்கிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

திருநகரிலிருந்து ஹார்விப்பட்டி வழியாகச் சமணர் மலைப் பக்கம் சைக்கிளிலேயே போய்விடலாம். மலையடிவாரத்தில் கீழக்குயில்குடி. இன்று அங்கே தாமரைக் குளத்தையும் அய்யனார் கோயிலையும் பார்க்கக் கூட்டம் போகிறது. மதுரைப் பக்கத்தில் இந்தச் சட்டம் முதலில் விழுந்த ஊர் அதுதான். 1914இல் கீழக்குயில்குடிக் கள்ளர்களை அறிவித்தார்கள். 1918இல் பிரமலைக் கள்ளர் சாதி முழுவதையும் அறிவித்தார்கள். வயது வந்த ஆண்கள் ரேகை வைக்க வேண்டும். அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இரவானால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய் ஆஜராக வேண்டும். புதிதாகக் கல்யாணம் ஆனவனும் சாவடியில்தான் படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள்.

இங்கே அரசு செய்தது ஸ்டூவர்ட்புரத்திலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. அவ்வளவு பெரிய சாதியை வேலிக்குள் கொண்டுபோய் வைக்க முடியாது. ஆகவே அவரவர் ஊரையே சிறையாக்கியது. கிராமத்துக்குக் கிராமம் கள்ளர் பஞ்சாயத்துகளை அமைத்து, அந்தந்த ஊரார் நடத்தைக்கு அந்தந்தப் பஞ்சாயத்தே பொறுப்பு என்று ஆக்கினார்கள். ஊர் 'ஒழுங்காக' இருந்தால் கட்டுப்பாடு தளரும், இல்லையென்றால் இறுகும். உள்ளூர் நிர்வாகம் நடத்தும் சீர்திருத்தச் சிறை, அதுவும் அரசின் கைதிகளுக்கு, அரசோடு போட்ட உடன்பாட்டின் பேரில். வட்டத்தில் சிரித்த கேள்விக்கு நூறு வருடத்துக்கு முந்தைய பதில் பக்கத்து ஊரிலேயே இருந்திருக்கிறது. கூடவே பள்ளிக்கூடங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் வந்தன. 'கள்ளர் சீரமைப்பு' என்று பெயர் பொறித்த அரசுப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, இந்தப் பள்ளிகளையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரச் சொன்னது. இரண்டு தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இந்த இடத்தில்தான் எங்கள் வட்டத்தில் சண்டை வந்தது. "எங்களை ஊருக்குள்ள செருப்புப் போட விடாதவங்க தாத்தா கதைய நாங்க எதுக்குப் படிக்கணும்?" என்று உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பி கேட்டான். கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட 1996இலிருந்து பத்து வருடம் தேர்தலையே நடத்த விடாமல் வைத்திருந்தது அதே உசிலம்பட்டி வட்டாரம்தான். 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. ரேகைச் சட்டத்தில் அடிபட்டதால் ஒரு சாதி, தனக்குக் கீழே வைத்திருந்தவனை விடுதலை செய்துவிடவில்லை. ஒடுக்கப்பட்ட அனுபவம் தானாக யாரையும் சனநாயகவாதி ஆக்காது. இதை நாங்கள் மறைக்கப் போவதில்லை.

அந்தப் பக்கத்து ஊர் ஒன்றுக்குத் தகவல் சேகரிக்கப் போயிருந்தோம். ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார வைத்துத் தன் அப்பா சாவடியில் படுத்த கதையைச் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கினார். எங்களுக்கும் கலங்கியது. டீ வந்தது. டம்ளரை நீட்டும்போது, "ஆமா, நீங்கள்லாம் மதுரையில எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எதற்கு என்பது இந்த மாவட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். சொன்னோம். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தோம். அவர் சொன்ன கதையும் அவர் கேட்ட கேள்வியும் எங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எதையும் கிழிக்கவில்லை.

தம்பிக்கு நாங்கள் சொன்னது இதுதான். சாதியின் பெயரால் ஒருவனைப் பிறவிக் குற்றவாளி ஆக்கும் கருவியை அரசு செய்து வைத்திருக்கிறது. அதை நேற்று யார் மேல் பிரயோகித்தார்கள் என்று தெரிந்தால்தான் இன்று நம் மேல் பிரயோகிக்கும்போது அடையாளம் தெரியும். அவன் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்களும் வற்புறுத்தவில்லை.

அந்தக் கருவி எங்கேயும் போய்விடவில்லை. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இலும் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்தது. ஆனால் 1948இலேயே சென்னை மாகாணம் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. சாதியை அறிவிப்பதற்குப் பதிலாக ஆளை அறிவிப்பது. 1982இல் குண்டர் சட்டம் வந்தது. தடுப்புக் காவலில் அதிகம் பேரை அடைத்து வைக்கும் மாநிலங்களில் தமிழ்நாடு வருடா வருடம் முன்வரிசையில் நிற்கிறது. 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் இன்னும் தீர்ப்பே வராமல் உள்ளே இருக்கிறார்கள். ஜாமீனுக்குச் சொத்துள்ள இரண்டு பேர் கிடைக்காததால் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும் பிள்ளைகளின் தாய்மாரோடு அரசரடி மத்தியச் சிறை வாசலில் நாங்கள் நின்றிருக்கிறோம். 1865இலிருந்து நிற்கும் சிறை அது. நகராட்சி பிறப்பதற்கே ஒரு வருடம் முந்தையது.

சிறைக்கு உள்ளே என்ன நடக்கிறது? இதற்கு 2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் படிக்க வேண்டும். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு. தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் அமர்வு. பல மாநிலச் சிறை விதிகளில், கக்கூஸ் கழுவ இன்ன சாதி, சமைக்க இன்ன சாதி என்று அப்பட்டமாகவோ, 'இந்த வேலைக்குப் பழக்கப்பட்ட சமூகத்தவர்' என்று சுற்றி வளைத்தோ எழுதியிருந்தது. குற்றப் பரம்பரை என்று முன்பு அறிவிக்கப்பட்டவர்களை வழக்கமான குற்றவாளிகளாக நடத்தும் விதிகளும் இருந்தன. சுதந்திரம் வந்து 77 வருடம் கழித்துத்தான் அவை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது.

நாம் இன்னும் கவனிக்க வேண்டிய பகுதி பாளையங்கோட்டை பற்றியது. அங்கே மத்தியச் சிறையில் கைதிகளைச் சாதி வாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் அடைத்திருந்தார்கள். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதி மோதல் சகஜம், மோதலைத் தடுக்கவே பிரித்து வைத்திருக்கிறோம் என்று அரசு சொன்னது. 2014இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பத்து வருடம் கழித்து உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. ஒழுங்கைக் காப்பாற்றச் சாதிச் சுவர் வேண்டும் என்பது சிறை அதிகாரிக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை. உத்தபுரத்தில் 2008இல் ஒரு பகுதி இடிக்கப்பட்ட சுவருக்கும் ஊரார் இதே காரணத்தைத்தான் சொன்னார்கள்.

உள்ளே போகிறவர் மட்டுமல்ல, வெளியே வருகிறவர் யார் என்பதும் சிறையின் வரலாறுதான். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30இல் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்ற வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை உறுதியானது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. நன்னடத்தை என்றார்கள். நாங்கள் மரண தண்டனை கேட்பவர்கள் இல்லை, முன்விடுதலைக்குப் பொதுவாக எதிரிகளும் இல்லை. குண்டர் சட்டத்தில் போன நம் பிள்ளைகளுக்கு அதே கனிவு எந்த வருடம் வரும் என்றுதான் கேட்கிறோம்.

ஒப்பந்தத்துக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டின் 9 மத்தியச் சிறைகளில் நெசவு, தச்சு, பேக்கரி, தோல் வேலை எல்லாம் நடக்கின்றன. எண்ணெய் நிறுவனத்தோடு சேர்ந்து சிறைத் துறை பெட்ரோல் பங்க்குகளே நடத்துகிறது. கைதிகளுக்குத் தொழில் தெரிவது நல்லதுதான், வெளிக்காற்று படுவதும் நல்லதுதான். நாங்கள் சந்தித்த முன்னாள் கைதி ஒருவர், பங்க்கில் நின்ற நாட்கள்தான் தன் தண்டனைக் காலத்திலேயே மனுசனாக உணர்ந்த நாட்கள் என்றார். கூலி எவ்வளவு, அதில் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்கள், யாருக்கு எந்த வேலை கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கடுங்காவல் கைதிக்கும் நியாயமான கூலி தர வேண்டும் என்று குஜராத் வழக்கில் 1998இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சண்டை போட்ட தம்பிதான் அடுத்த ஞாயிறு ஒரு வெள்ளைத்தாளோடு வந்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம் என்றான். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பும் வாங்கி வந்திருந்தான். உட்கார்ந்து மூன்று கேள்விகள் எழுதினோம். மதுரை மத்தியச் சிறையின் கைதிகள் பதிவேட்டில், உச்ச நீதிமன்றம் நீக்கச் சொன்ன சாதிக் கட்டம் நீக்கப்பட்டுவிட்டதா, எந்தத் தேதியில்? கழிவறை சுத்தம் செய்யும் வேலை கைதிகளுக்கு எந்த அடிப்படையில் ஒதுக்கப்படுகிறது? வேலை செய்யும் கைதி ஒருவருக்கு நாள் கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு?

மனுவில் அவன் பெயரையே போட்டான். முகவரிக்கு விடுதி வேண்டாம், வார்டன் பயப்படுவார் என்று திருநகர் முகவரி கொடுத்திருக்கிறோம். பதில் வர முப்பது நாள் அவகாசம் உண்டு. வந்ததும் அப்படியே இங்கே போடுகிறோம்.